சிகிச்சைக்காக எழுதிய குறிப்புகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி: பிசியோ_தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் ஒரு தொழில்முறை கிரிக்கெட் அணிக்குப் பிசியோவாக வேலை செய்கிறேன். எந்த ஊர் அணி என்று சொல்லாமல் விடுகிறேன். சொன்னால், நான் கீழே குறிப்பிடும் ஆட்டக்காரர்கள் யார் யார் என்று ஆட்டம் பார்க்கப் போகிற எவரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒன்பது பருவங்களாக ஒவ்வொரு வேகப்பந்து வீச்சாளரைப் பற்றியும் குறிப்பு எழுதி வருகிறேன். வலைப்பயிற்சியில் எத்தனை பந்து, ஆட்டத்தில் எத்தனை பந்து, காலையில் முதுகு எப்படி இருந்தது, இரவு எவ்வளவு நேரம் உறங்கினார், என்ன மாத்திரை எடுத்தார், எம்ஆர்ஐ அறிக்கை என்ன சொன்னது என்று எல்லாமே அதில் இருக்கிறது. முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்; பிறகு எக்செலுக்கு மாற்றினேன். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் விரிசல், வருவது எங்கள் தொழிலில் தீராத தலைவலி. பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அது தொடங்கும். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பத்தொன்பது, இருபது வயதில் அது வந்த பையன் ஒரு பருவத்தையே இழந்துவிடுவான். வீசும் பந்துகளின் எண்ணிக்கை திடீரென்று கூடுவதற்கும் இந்த முறிவுக்கும் என் குறிப்புகளில் ஏதேனும் தொடர்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போது பகுதிநேர முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருப்பதால் அதையே ஆய்வேடாக எழுத எண்ணினேன்.

அணி நிர்வாகத்திடம் கேட்டவுடன் சரி என்றார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலும், அவருடைய மருத்துவத் தகவல்களை அணி தன் தேவைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறதாம். அதில் கையெழுத்திட்டுவிட்டதால் தனியாக யாரிடமும் கேட்க வேண்டியதில்லையாம். பெயரை நீக்கிவிட்டு எண் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். என் ஆய்வு வழிகாட்டியோ, பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி வரும் வரை ஆய்வுக்காக அந்தக் கோப்பைத் திறக்கவே கூடாது என்கிறார். விளையாட்டு அணி எப்படி நடக்கிறது என்று அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

சென்ற மாதம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீச்சாளரின் தோளில் ஐஸ் பையை வைத்துப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று இரவாகத் தூக்கமில்லை என்றும், வீட்டில் மனைவியோடு சண்டை என்றும் சொல்லிக்கொண்டே வந்தவர், நான் பேனாவை எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "இது உங்கள் புத்தகத்தோடு நின்றுவிடும், இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல் இப்போது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தத்தில் உள்ள அந்த வரி போதுமா? அணியை விட்டுப் போய்விட்டவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டுமா? கேட்டு, பாதிப் பேர் மறுத்துவிட்டால் ஆய்வே நின்றுவிடும். அடுத்து வரும் பையன்களின் முதுகைக் காப்பாற்ற உதவக்கூடிய ஒரு செய்தி என் கணினியிலேயே முடங்கிப் போகும். அதுவும் ஒரு தவறுதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மாரிட்ஸ்பர்க்_ஆசிரியர்

மகளே, வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், மருத்துவம் படித்தவனல்லன். ஆனாலும் ஒரு மருத்துவ ஆய்வு அறநெறிக் குழுவில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் வழிகாட்டி சொன்னதே சரி.

நம் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விவரம் அறிந்து தந்த ஒப்புதல் இல்லாமல் எவரையும் மருத்துவ, அறிவியல் பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அது அடித்தளம். உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 16ஆம் பிரிவு. சிகிச்சை அளிப்பவர் தம் வசமுள்ள நோயாளிப் பதிவேடுகளை ஆய்வுக்குப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த நோயாளியின் அனுமதி, சிகிச்சை நடக்கும் நிலையத்தின் தலைவரின் அனுமதி, அறநெறிக் குழுவின் அனுமதி ஆகிய மூன்றும் வேண்டும் என்று அது சொல்கிறது. நிர்வாகத்தையே நிலையத் தலைவராக எடுத்துக்கொண்டாலும், மூன்று சாவிகளில் ஒன்று மட்டுமே அவர்கள் கையில் இருக்கிறது. அதே பிரிவில், நோயாளியின் அடையாளம் எதுவும் தெரியாத ஆய்வுக்கு இந்த அனுமதிகள் தேவையில்லை என்ற விலக்கும் உண்டு. பெயரை நீக்கினால் போதும் என்று அவர்கள் சொன்னது அங்கிருந்து வந்திருக்கலாம். பதினைந்து, இருபது பேர் உள்ள ஓர் அணியில் பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடுமா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றிக் கணக்குத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

அடுத்தது போப்பியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2013இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 1ஆம் நாள் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்திற்குப் பிறகு 2021 ஜூலை முதல் எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. உடல்நலத் தகவலைத் தனிக் காவல் வேண்டிய தகவலாக அது வைத்திருக்கிறது. ஒப்புதல் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மூன்று சொற்களைக் கவனியுங்கள்: தானாக முன்வந்து, குறிப்பிட்ட ஒன்றுக்காக, விவரம் அறிந்து. "அணி தன் தேவைகளுக்கு" என்ற வரியில் குறிப்பிட்டது என்ன இருக்கிறது? அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்ட ஆட்டக்காரர் ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வேலை வேண்டுமென்றால் கையெழுத்து என்ற இடத்தில், தானாக முன்வந்து என்ற சொல் நிற்காது.

இதற்காக ஆய்வே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆய்வு பொதுநலனுக்கு உதவுவதாகவும் அந்தத் தகவல் அதற்குத் தேவையானதாகவும் இருக்கும்போதோ, ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்பது இயலாததாகவோ அளவுக்கு மீறிய உழைப்பாகவோ இருக்கும்போதோ, தனியுரிமைக்குத் தக்க பாதுகாப்பு இருந்தால் போப்பியா வழிவிடுகிறது. ஆகவே, அணியை விட்டுப் போனவர்களில் எத்தனை பேரைத் தேடினீர்கள், எப்படித் தேடினீர்கள், எத்தனை பேர் கிடைக்கவில்லை என்று குழுவின் முன் எழுதி வையுங்கள். கிடைக்காதவர்களின் பதிவைச் சேர்க்கலாமா என்று குழு சொல்லும். அந்த முடிவை ஆய்வால் பட்டம் பெறப்போகிற நீங்களும் எடுக்கக் கூடாது. அதனால் ஆதாயம் அடையும் அணியும் எடுக்கக் கூடாது. மறுப்பவர்கள் மறுக்கட்டும். மறுக்க முடிகிற இடத்தில் கிடைக்கும் ஒப்புதலுக்குத்தான் மதிப்பு.

குழுவுக்கு விளையாட்டு தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாமல் இருக்கலாம், அதைத் தெரியவைப்பது உங்கள் விண்ணப்பத்தின் வேலை. ஒப்புதல் கேட்கப் போவது யார் என்ற கேள்வியில்தான் நான் இருந்த குழு அதிக நேரம் செலவிட்டது. ஐஸ் கட்டிவிடும் கையே படிவத்தை நீட்டினால், அந்தப் பையன் எப்படி வேண்டாம் என்பான்? பல்கலைக்கழகத்திலிருந்து, அணியோடு சம்பந்தமில்லாத ஒருவர் வந்து கேட்கட்டும். யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார் என்பது பயிற்சியாளருக்கும் நிர்வாகத்திற்கும் தெரியவே கூடாது. ஆய்வு முடியும் வரை உங்களுக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டக்காரர்கள் சங்கத்தின் கருத்தையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். இந்த நாட்டின் பழங்குடியினரான சான் மக்கள் 2017இல், தங்களை ஆராய வருபவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். ஆராயப்படுபவர்களே அப்படி எழுதியது ஆட்டக்காரர்களுக்கும் முன்மாதிரி ஆகலாம்.

சற்று விலகி ஒன்று சொல்கிறேன். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இந்த நாட்டின் நட்டால் பகுதிக்கு வந்த 152,184 பேரைப் பற்றிய கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி இவற்றோடு உடலில் உள்ள அடையாளக் குறியையும் எழுதி வைத்தார்கள். என் கொள்ளுத் தாத்தாவின் வரியில் இடது கணுக்காலுக்கு மேல் ஒரு தழும்பு என்று இருக்கிறது. அந்தத் தழும்பை எழுதிக்கொள்ளச் சம்மதமா என்று அவரை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தோம் என்பதும் உண்மை. ஆளை அடையாளம் பிடிக்க எழுதியது பேரனுக்கு உதவியது. ஒரு தகவலுக்கு இரண்டாவது பயன் வருவதில் எனக்கு வருத்தமில்லை; அந்த இரண்டாவது பயனை யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் என் கவலை எல்லாம்.

பதில்: லெனேசியா_கணக்கு

பெயரை நீக்குவது பற்றி மட்டும் எழுத வந்தேன். மருத்துவத் தரவுகளைக் கையாள்வதே என் வேலை.

ஒரு பெரிய மருத்துவமனையின் கோப்பில் "நாற்பது வயதுப் பெண், சர்க்கரை நோய்" என்று இருந்தால் அந்த ஊரில் அப்படி ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். உங்கள் கோப்பில் "இருபத்திரண்டு வயது, இடக்கை வேகப்பந்து வீச்சாளர், ஜனவரியில் முதுகு முறிவு, ஐந்து மாதம் ஆடவில்லை" என்று ஒரு வரி இருந்தால், அது ஒரே ஒருவர்தான். அவர் ஆடாமல் போனது தொலைக்காட்சியில் சொல்லப்பட்டது, செய்தியில் வந்தது. இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினார் என்பது ஸ்கோர் அட்டையில் எல்லாருக்கும் தெரிந்த எண். ஒரு பருவத்தில் ஒருவர் வாரவாரம் வீசிய பந்துகளின் வரிசையை எடுத்தால் அது கைரேகை போல அவருக்கு மட்டுமே உரியது. உங்கள் ஆய்வுக்கு மிகவும் தேவைப்படும் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும் எண்ணாகவும் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால், அதே வரிசையில் உள்ள மாத்திரையும் தூக்கமும் எம்ஆர்ஐயும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. ஒரே அணியோடு நிற்காமல் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் வழியாக வேறு அணிகளின் பதிவுகளையும், அங்கும் ஒப்புதல் பெற்று, சேருங்கள். தேதியை எடுத்துவிட்டு, பருவத்தின் எத்தனையாவது வாரம் என்று மட்டும் வையுங்கள். அணிக்கு அணி அதையும் சற்று நகர்த்தலாம். பந்துகளின் எண்ணிக்கையை அப்படியே வைக்காமல், முந்தைய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்ட விகிதமாக மாற்றுங்கள். இடக்கையா வலக்கையா என்று எழுதாமல், முறிவு வீசும் கையின் பக்கமா எதிர்ப்பக்கமா என்று மட்டும் எழுதினால் உங்கள் கேள்விக்கு அது போதும். எந்த அட்டவணைக் கட்டத்திலாவது ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் அதை வெளியிடாதீர்கள். எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற திறவுகோல் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். அணியின் கணினியில் அது இருக்கவே கூடாது. மனைவியோடு சண்டை என்ற குறிப்பு உங்கள் ஆய்வுக் கேள்விக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத எதையும் ஆய்வுக் கோப்புக்குள் விடாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, எதிர்த்திசையில் இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூட்டு ஆட்டக்காரரைக் காப்பதற்காகத்தான்; ஆய்வாளரைக் கேள்வியிலிருந்து காப்பதற்காக அது மாறிவிடக் கூடாது. நம் நாட்டில் இதைப் பேசும்போது ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவை நினைக்காமல் இருக்க முடியாது. 2009இல் பெர்லினில், 18 வயதில் அவர் 800 மீட்டர் தங்கம் வென்ற நாளிலேயே அவருக்குப் பாலினச் சோதனை நடக்கிறது என்ற செய்தி வெளியே கசிந்திருந்தது. அது முதல் கொடுமை. பின்னர் 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2011இல் தென்கொரியாவின் தேகுவிலும் 2013இல் மாஸ்கோவிலும் நடந்த உலகத் தடகளப் போட்டிகளில் வீரர்களிடம் அளந்த ஹார்மோன் அளவுகளையும் அவர்களுடைய சாதனைகளையும் இணைத்து, 2127 பதிவுகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரை அது. எழுதியவர்கள் உலகத் தடகளக் கூட்டமைப்போடு தொடர்புள்ளவர்கள். இயல்பிலேயே டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அதிகமுள்ள பெண்கள் சில ஓட்டங்களில் கலந்துகொள்ள அதைக் குறைத்தாக வேண்டும் என்று செமன்யாவைத் தடுத்த விதியை ஆதரிக்க அது பயன்பட்டது. 2019 மே 1ஆம் நாள் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த விதியை நிற்கவிட்டது. வெளியிலிருந்து அந்தக் கணக்கைச் சரிபார்க்க முயன்ற மூவருக்குத் தரவின் ஒரு பகுதியே கிடைத்தது. நம் நாட்டு விளையாட்டு அறிவியலாளர் ராஸ் டக்கர் அவர்களில் ஒருவர். அந்தப் பகுதியிலேயே பிழைகள் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். 2021 ஆகஸ்டில், கட்டுரை வெளியான அதே இதழில் திருத்தம் வந்தது: அந்த முடிவுகளைக் காரணத்தை உறுதிசெய்யும் சான்றாகக் கொள்ளக் கூடாது, தேடல் நிலை ஆய்வாகவே பார்க்க வேண்டும் என்று. அதற்குள் டோக்கியோ ஒலிம்பிக்கே முடிந்திருந்தது. 800 மீட்டரில் ஓட அவருக்கு இடமில்லாமல் போயிருந்தது.

இரத்தத்தை அளந்ததும், தரவை வைத்திருந்ததும், விதியை எழுதியதும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதுதான் அங்கே இருந்த குறை. உங்கள் அணியிலும் அளவில் சிறியதாக அதே அமைப்பு இருக்கிறது: குறிப்பு எழுதுவதும் அணி, சம்பளம் தருவதும் அணி, ஆட்டக்காரரை எடுப்பதும் விடுவதும் அணி. ஆகவே உங்கள் கணக்கைப் பார்க்க விரும்பும் வெளி ஆய்வாளர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான கணினியில் வந்து உட்கார்ந்து சரிபார்க்கலாம், எடுத்துச் செல்ல முடியாது என்ற ஏற்பாட்டை முதலிலேயே விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

பதில்: மேசையில்_படுத்தவன்

அக்கா, நான் உங்கள் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன். எந்த விளையாட்டு, எந்த அணி என்று சொல்லவில்லை. ஆடுவதை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

எங்களுக்குக் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் ஐந்து கேள்விகள் வரும். தூக்கம், களைப்பு, தசைவலி, மன அழுத்தம், மனநிலை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். இது மருத்துவக் குழுவுக்கும் ஓர் ஆய்வுக்கும் மட்டும்தான் என்று சொன்னார்கள். முதல் ஆண்டு முழுவதும் நான் உண்மையைப் போட்டேன். அந்த ஆண்டு என் அப்பாவுக்குப் புற்றுநோய். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த காலைகளில் தூக்கத்துக்கு இரண்டு போட்டேன், சில நாள் ஒன்று போட்டேன். பருவம் முடிந்து புதிய ஒப்பந்தம் பேசப் போனபோது மேலாளர் தன் மடிக்கணினியைத் திருப்பி என்னிடம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஜூன் மாதத்திலிருந்து ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது. "இரண்டாம் பாதியில் உன் உடம்பு தாங்கவில்லை போலிருக்கிறதே" என்றார். இரண்டாண்டு ஒப்பந்தம் ஓராண்டாக ஆனது. அந்தக் கோடு என் அப்பாவுக்குக் கீமோ நடந்த வாரங்கள் என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தில் நான் எல்லாவற்றுக்கும் நான்கு போட்டேன். வலித்தாலும் நான்கு, தூங்காவிட்டாலும் நான்கு. உடை மாற்றும் அறையில் பார்த்தால் பக்கத்தில் இருப்பவனும் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டிருந்தான். எவரும் எவரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்த எண்களை நம்பி ஒருவர் ஆய்வு எழுதினால், அவர் அளப்பது எங்கள் உடம்பை அல்ல, எங்கள் பயத்தை. இதை உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். அறநெறி ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தால், இந்த நான்கு நான்கு கணக்கைக் காட்டுங்கள்.

ஊக்கமருந்துச் சோதனையை எண்ணிப் பாருங்கள். அதைப் போல ஆட்டக்காரனுக்கு வாய்ப்பே கொடுக்காத இடம் விளையாட்டில் வேறில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் சிறுநீரே கழிக்க வேண்டும். அங்கேகூட, மாதிரியை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று படிவத்தில் தனியாகக் கேட்கிறார்கள். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் மாதிரியை ஆய்வுக்கு எடுக்கக் கூடாது, எடுத்தாலும் யாருடையது என்று தெரியாதபடி செய்த பிறகே எடுக்க வேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியே சொல்கிறது. நான் இரண்டு முறை ஆம் என்று குறித்தேன், ஒரு முறை களைப்பில் இல்லை என்று குறித்தேன். எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்வுக்கு நான் எதிரியல்லன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் எடி கரி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு வந்தபோது, 2005இல், மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சிகாகோ புல்ஸ் அணி கேட்டது. அவர் மறுத்தார். சில வாரங்களில் நியூயார்க் அணிக்கு மாற்றப்பட்டார். அணிக்கு அவர் உயிர் மேல் இருந்த அக்கறை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவு வந்தால் அது அவர் கையில் ஒரு மருத்துவச் செய்தியாக மட்டும் இருந்திருக்காது; அணியின் கையில் அது அவருடைய விலைச்சீட்டாகவும் ஆகியிருக்கும்.

உங்கள் படிவத்தில் எனக்கு வேண்டியிருந்திருக்கும் வரி இதுதான்: மேலாளரும், முகவரும், காப்பீட்டு நிறுவனமும் இதைப் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் யார் பொறுப்பு என்று பெயரோடு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதும் வேண்டும். முடிவு வந்ததும் பத்திரிகைக்கு முன் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும்.

பிசியோ_தென்னாப்பிரிக்கா

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் கோப்பில் தூக்கம் என்ற நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஒப்பந்தம் பேசும் மாதம் நெருங்கும்போது எண்கள் நல்லதாகின்றன. ஒன்பது ஆண்டுகளாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

அறநெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கிறேன். சங்கத்திடமும் பேசுகிறேன். ஐயா, உங்களிடம் இன்னும் இரண்டு கேள்விகள். ஆய்வுக்காகப் பழைய எம்ஆர்ஐ படங்களை வேறொரு கதிரியக்க மருத்துவர் மீண்டும் பார்க்கும்போது, வலியே இல்லாத ஒருவருக்கு எலும்பில் தொடக்கநிலை வீக்கம் தெரிந்தால் யாரிடம் சொல்வது? பயிற்சிப் பள்ளியில் இருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைச் சேர்க்கலாமா? முறிவு அதிகம் வருவது அந்த வயதை ஒட்டித்தான் என்பதால் கேட்கிறேன்.

பதில்: மாரிட்ஸ்பர்க்_ஆசிரியர்

முதலாவதற்கு: எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் யாரிடம் சொல்லப்படும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே படிவத்தில் எழுதி, அவரிடமே கேட்டுவிட வேண்டும். சொல்ல வேண்டியது முதலில் அவரிடம். அவர் விரும்பும் மருத்துவரிடம் அடுத்து. அணிக்குச் சொல்வது அவருடைய முடிவு. நீங்களே அணியின் பிசியோவாகவும் இருப்பதால் இங்கே உங்களுக்கு இரண்டு விசுவாசம் மோதும். அதனால்தான் படத்தை மீண்டும் பார்ப்பவர் வெளியாளாக இருப்பது நல்லது. உயிருக்கே ஆபத்தான ஒன்று, இதயத்தில் என்றால், தாமதமே கூடாது. 2003 ஜூனில் லியோன் நகரில் கால்பந்து மைதானத்தில் விழுந்து இறந்த கமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு இதயத் தசைத் தடிப்பு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அப்போதும்கூடச் செய்தி முதலில் போக வேண்டியது அந்த மனிதரிடம்தான்.

பையன்களைப் பற்றி: அதே தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கடுமையாகவே இருக்கிறது. பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். புரிந்துகொள்ளும் வயதானால் பையனின் ஒப்புதலும் வேண்டும். சிகிச்சை நோக்கம் இல்லாத ஆய்வு என்றால் நிபந்தனைகள் இன்னும் கூடும். பயிற்சிப் பள்ளி இயக்குநர் அந்தப் பையனின் தகப்பனாகிவிட மாட்டார். படிவம் வீட்டில் பேசும் மொழியில் இருக்கட்டும். நான் குழுவில் இருந்த நாளில் ஒரு படிவத்தை சூலு மக்களின் மொழியான ஐசிசூலுவில் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பேரனின் எலும்பைப் படம் எடுத்த பிறகு அந்தப் படம் யாருடையது?" படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. அதைத் திருப்பி அனுப்பினோம். முதலில் பெரியவர்களோடு தொடங்குங்கள். பையன்களை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

பிசியோ_தென்னாப்பிரிக்கா

ஐயா, அப்படியே செய்கிறேன். நேற்று அந்த வீச்சாளரைத் தனியாகப் பார்த்து, அன்று நான் சொன்ன ஆமாம் முழு உண்மையல்ல என்று சொன்னேன். ஆய்வு எண்ணத்தையும் சொன்னேன். அந்த மூன்று இரவைப் பற்றிய வரியை அடித்துவிட முடியுமா என்று கேட்டார். சிகிச்சைக் குறிப்பை அழிக்க எனக்கு உரிமையில்லை, ஆனால் அந்த வரி ஆய்வுக் கோப்புக்குப் போகாது, படிவத்தோடு வேறொருவர் வருவார், நீங்கள் என்ன குறித்தீர்கள் என்று எனக்குத் தெரியவராது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, படிவம் வரட்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா என்று கேட்டார். எடுத்துப் போகலாம் என்றேன்.